கைலிக்கு அனுமதி இல்லாத கடற்கரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட். அதன் சாப்பாட்டுக் கூடத்துக்குள் கைலி கட்டிக்கொண்டு போக முடியாது. வரவேற்பறையை ஒட்டிய கடையிலோ, கைலிக் கட்டம் போட்ட சட்டை நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குத் தொங்குகிறது. இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் பார்க்க நேர்ந்தது. போன கோடையில் நடந்தது இது. எழுதினால் வெறும் புலம்பலாகிவிடும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஆனால் இப்போதெல்லாம் துணிக்கடையில் கட்டம் போட்ட எதைப் பார்த்தாலும் கை தானாகப் போய் அதன் உட்புறத்தைத் திருப்புகிறது. அப்பாவிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம். இனி எழுதிவிடுவதே நல்லது.

அப்பாவையும் அழைத்துக்கொண்டு குடும்பமாகப் போயிருந்தோம். விடிந்ததும் கடலோரம் நடந்துவிட்டு அப்படியே பலகாரம் சாப்பிட வந்தவரை, வாசலில் நின்ற பையன் மரியாதையாகத்தான் தடுத்தான். "சார், டைனிங் ஏரியால லுங்கி அலவ்டு இல்ல சார். ஷார்ட்ஸ்னா பரவால்ல." அப்பா கோபப்படவில்லை. "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய் பேண்ட் மாட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. விதியை எழுதியவர் வேறு யாரோ. உள்ளே தொடை தெரியக் கால்சட்டை போட்டவர்கள் நிம்மதியாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதிலும் தவறில்லை, கடற்கரைக்கு வந்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். கணுக்கால்வரை மூடுகிற கைலி மட்டும் எந்தக் கணக்கில் கண்ணியக்குறைவு என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இன்றுவரை புரியவில்லை.

அப்பா பிறந்தது குறிஞ்சிப்பாடியில், நெசவு வீட்டில். கடலூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் குறிஞ்சிப்பாடி என்றதும் கைலிதான் ஞாபகம் வரும். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ராட்டையில் உட்கார்ந்து தறிக்கு வேண்டிய நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பார். படித்து அரசு வேலைக்கு வந்துவிட்டார். பெரியப்பா கடைசிவரை தறிக்குழியிலேயே இருந்தார். அதனால் அப்பாவுக்குக் கைலி வீட்டில் கிடக்கிற உடை மட்டும் அல்ல. அவர் அதைப் பார்க்கிற விதமே வேறு. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது அந்தக் கடைக்குள் அவராகத்தான் நுழைந்தார்.

சட்டையின் உட்புறம்

நீலமும் சிவப்பும் மஞ்சளும் கலந்த கட்டம். தூரத்திலிருந்து பார்க்க அசல் மெட்ராஸ் செக்தான். தொங்குகிற அட்டையில், மெட்ராஸ் நெசவு மரபின் உந்துதலில் உருவான ரிசார்ட் வேர் (விடுமுறை உடை) என்ற பொருள்பட ஆங்கிலத்தில் இரண்டு வரி. அப்பா அட்டையைப் படிக்கவில்லை. சட்டையின் கீழ் விளிம்பைப் பிடித்து உட்புறத்தைத் திருப்பினார். உள்ளே வெளுப்பாக இருந்தது. சாயம் ஊறி வந்த இடங்களில் மட்டும் மங்கலாகக் கோடுகள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார்; ரேயான், வழுக்கியது. அப்புறம் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, "கட்டம் நூலை விட்டுப் போயிருக்கு பாரும்மா" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. விரலால் காட்டினார். துணியின் நூல் நேராகக் கீழே இறங்குகிறது. அச்சடித்த நீலக் கோடு அதே நூலோடு கொஞ்ச தூரம் வந்து, பிறகு லேசாகச் சாய்ந்து பக்கத்து நூலுக்கும், அங்கிருந்து அதற்கடுத்த நூலுக்கும் ஏறிவிடுகிறது. அச்சடிக்கும்போது துணி கொஞ்சம் கோணலாக ஓடியிருக்கிறது. "இந்த நீலம் எந்த நூல்ல இருக்கு, காட்டு பாப்போம்?" என்று கேட்டார். எந்த நூலிலும் இல்லை. அதன் பிறகு விற்பனைக்கு நின்ற பெண்ணிடம், "எந்த ஊர்ல நெஞ்சதும்மா இது?" என்றார். அந்தப் பெண் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போடலையே சார்" என்று உண்மையைச் சொன்னாள். அப்பா சட்டையை எடுத்த இடத்திலேயே மடிப்புக் கலையாமல் மாட்டிவிட்டு வெளியே வந்தார். அதைப் பற்றி மேற்கொண்டு அவர் பேசவில்லை. காரில் வரும்போது மாமல்லபுரம் தாண்டி எங்கோ நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

எனக்குத்தான் அந்தக் கேள்வி போகவே இல்லை. கட்டம் என்பது துணியின் மேல் போடுகிற ஓவியம் என்று நினைக்கிறவர்களுக்கு அந்தச் சட்டையில் குறை எதுவும் தெரியாது. நெய்கிற வீட்டில் கட்டம் வேறு மாதிரி உருவாகிறது. சாயம் தோய்த்த நூலைப் பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலில், வரிசையாக வைக்க வேண்டும்: இத்தனை இழை நீலம், இத்தனை வெள்ளை, அப்புறம் சிவப்பு, மறுபடி வெள்ளை. பாவு தறியில் ஏறிவிட்டால் அந்த வரிசையை மாற்ற முடியாது. பிறகு குறுக்கே ஓடும் ஊடையிலும் அதே வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். நிறம் மாறும்போதெல்லாம் ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடாவை மாற்ற வேண்டும். இத்தனை ஓட்டம் நீலம் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டேதான் நெய்வார்கள். அதனால்தான் கட்டம் நெய்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் பதில் உடனே வராது. அந்த நிறம் முடிந்த பிறகுதான் நிமிர்வார். பெரியப்பா அப்படித்தான்.

கட்டம் சதுரமாக வருவதுதான் பெரிய வேலை. அகலத்தைப் பாவு பார்த்துக்கொள்ளும். உயரம் முழுக்க நெசவாளியின் கையில் இருக்கிறது. ஊடையை அழுத்தி அடித்தால் கட்டம் சப்பையாகிவிடும். லேசாக அடித்தால் நீண்டுபோகும். காலையில் அடித்த அடியும் மாலையில் அடித்த அடியும் ஒன்றாக இருந்தால்தான் துணி முழுக்கச் சதுரம். பெரியப்பா நெய்த கைலியில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை விரலை வைத்து அளந்துகொண்டே போகலாம். ஒன்றிரண்டு இடத்தில் ஒரு நூல் கூடும், குறையும். நிறங்கள் குறுக்கே வெட்டிக்கொள்கிற இடத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் அங்கே புதிய நிறம் எதுவும் பூசப்பட்டிருக்காது. ஒரு சிவப்பு இழை, ஒரு நீல இழை, மேலும் கீழுமாக. கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் அதுவே கத்தரிப்பூ நிறமாகிவிடும். இந்தத் துணிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு கிடையாது. கைலியை அப்பா எந்தப் பக்கம் கட்டியிருக்கிறார் என்று எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததே இல்லை.

உல்லாசத்துக்குப் போன துணி

கைலித் துணி ரிசார்ட் வேர் ஆனதில் எனக்கு வருத்தம் என்று யாராவது நினைத்துவிடக் கூடாது. அது இன்று நேற்று நடந்ததும் இல்லை. மெட்ராஸ் என்ற பெயரோடு இந்தத் துணி கடல் கடந்து போக ஆரம்பித்துப் பல நூற்றாண்டு ஆகிறது. அந்தப் பயணத்தில் நல்லதும் இருக்கிறது, கொடியதும் இருக்கிறது. சென்னைக் கோட்டை வழியாகவும் சோழமண்டலக் கரையின் மற்றத் துறைமுகங்கள் வழியாகவும் போன பருத்தித் துணி, மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை விலைக்கு வாங்கப் பயன்பட்டது. அப்படி விற்கப்பட்டு அட்லாண்டிக்குக்கு அப்பால் போனவர்களின் வம்சத்துப் பெண்கள்தான் பிறகு அதே கட்டத்துணியைத் தலையில் கட்டித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1786-இல், வட அமெரிக்காவில் அப்போது ஸ்பெயின் வசமிருந்த லூசியானாவில் ஆளுநர், விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்கள் கூந்தலைத் துணியால் மூட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர்களைத் தாழ்த்திக் காட்டத்தான் அந்தச் சட்டம். அவர்களோ பளிச்சென்ற மெட்ராஸ் துணியை எடுத்து, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கட்டினார்கள். உடை விதி எழுதுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள் என்று இதைப் படித்தபோது தோன்றியது.

கரீபியன் கடலின் மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா தீவுகளில் மெட்ராஸ் கட்டம் இன்று விழா உடையின் உயிர்நாடி. தலைக்கட்டில் எத்தனை முனை நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்குக்கூட அர்த்தம் சொல்வார்கள்: ஒரு முனை என்றால் மனது காலியாக இருக்கிறது, மூன்று என்றால் ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்தாயிற்று. நிறம் போதவில்லை என்று வெளிர் கட்டங்களின் மேல் தூரிகையால் மஞ்சள் தீட்டிக்கொள்கிற வழக்கம்கூட மார்த்தினிக்கில் இருந்தது. 1853-இலிருந்து பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போன தமிழர்கள் கரையிறங்கியபோது, அவர்களுக்கு முன்பே அவர்கள் ஊர்த் துணி அங்கே போய்க் குடியேறியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும்.

நைஜீரியாவின் கடலோரத்தில் கலபாரி மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் கட்டத்துணி இன்ஜிரி. சடங்குகளில் உடுத்துவார்கள், பெரியவர் இறந்தால் கிடத்துகிற கட்டிலை அலங்கரிப்பதிலும் அதற்கு இடம் உண்டு. கலபாரிப் பெண்கள் செய்கிற ஒரு வேலை என்னை அசரவைத்தது. நெய்து வந்த கட்டத்துணியை எடுத்து, கூர்மையான கத்தியால் சில இழைகளை மட்டும் வெட்டி, ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுவார்கள். பாவில் கொஞ்சம், ஊடையில் கொஞ்சம். நூல் போன இடம் வலைபோல் திறந்துகொள்ள, பழைய கட்டத்துக்குள்ளிருந்து புதிய வடிவம் வரும். பெலெத்தெ பித்தெ என்று அதற்குப் பெயர். நிறம் நூலுக்குள் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். ரிசார்ட் கடையில் பார்த்த சட்டையில் எந்த இழையை உருவினாலும் ஓவியம் கிழியுமே தவிர வேறொன்றும் பிறக்காது. அப்பா கேட்ட கேள்விக்கு இந்தப் பெண்கள் கையால் பதில் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அமெரிக்கக் கதைக்கு வருவோம். 1930-களில் வசதி படைத்த அமெரிக்கர்கள் குளிர்காலத்துக்குக் கரீபியன் தீவுகளுக்கும் பஹாமாஸுக்கும் போய், அங்கிருந்து மெட்ராஸ் சட்டைகளை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பொருளாதாரம் படுத்துக்கிடந்த காலம். அந்த நேரத்தில் மெட்ராஸ் சட்டை போட்டிருந்தால், இவர் குளிருக்குத் தப்பிக் கடல் தாண்டிப் போய்வர முடிந்தவர் என்று அர்த்தம். ரிசார்ட் வேர் என்று தனி வகையே அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் வளர்ந்தது. இன்றும் மேலை நாட்டுக் கடைகளில் அந்த உடைகள் நவம்பர் வாக்கில்தான் வந்து இறங்கும். குளிரிலிருந்து சில வாரம் ஓடிப்போகிறவர்கள் வெயிலுக்கு உடுத்துவதற்கு. வியர்வையை உறிஞ்ச வேண்டும், காற்றை விட வேண்டும், உடம்பில் ஒட்டக் கூடாது, துவைத்துக் கொடியில் போட்டால் சட்டென்று காய வேண்டும். இத்தனையும் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த துணி நம் கரையில் இருந்தது. அவர்களுக்கு அது விடுமுறை உடை. நம் மீனவருக்கும் தறிக்காரருக்கும் செவ்வாய்க்கிழமை உடை.

அப்புறம் 1958. வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், கைத்தறி ஏற்றுமதி செய்துகொண்டிருந்த கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் வந்தார். கண்ணூர்க்காரரான நாயர் பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர். அவர் பலமுறை சொன்ன கதை இது: பத்தாயிரம் கெஜம் மெட்ராஸ் துணி, கெஜம் ஒரு டாலர் விலையில் போனது. குளிர்ந்த தண்ணீரில் தனியாக, மென்மையாகத் துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயம் போகும் என்று நாயர் சொல்லித்தான் அனுப்பினார். ஜேக்கப்சன் அதை புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்க ஆடை நிறுவனத்துக்கு விற்றபோது அந்த எச்சரிக்கை கூடவே போகவில்லை. கோட்டாகவும் கால்சட்டையாகவும் வாங்கியவர்கள் இயந்திரத்தில் போட்டுத் துவைக்க, சாயம் இளகி ஒன்றோடொன்று கலந்து ஓடியது. புகார்மேல் புகார். வழக்கு வரும் நிலை. நாயர் அமெரிக்கா போனார். செவன்டீன் என்ற அமெரிக்க இதழில் அவருடைய பேட்டி வெளிவந்தது. சாயம் இளகுவதே இந்தத் துணியின் அதிசயம், ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறம் என்று கதை திரும்பிவிட்டது. சாயம் போவதற்கு உத்தரவாதம் என்று விளம்பரமே செய்தார்கள். 60-களில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்களிடம் அது பித்தாகப் பரவியது.

இந்தக் கதையை வியாபார சாமர்த்தியத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அன்று சாயம் இளகியதென்றால், இளகுவதற்கு அங்கே சாயம் தோய்த்த நூல் இருந்தது. அமெரிக்கப் பையன் ஒருவன் சாயம் போன சட்டையைப் பெருமையாகப் போட்டுக்கொண்டு திரிந்த ஒவ்வொரு கெஜத்துக்கும் பின்னால் ஒரு தறி ஓடியிருக்கிறது, யாரோ தார் சுற்றியிருக்கிறார்கள், ஒரு வீட்டுக்குக் கூலி போயிருக்கிறது. கூலி போதுமானதாக இருந்திருக்காது. நெய்தவர் பெயர் எந்தக் கதையிலும் இல்லை. இருந்தாலும் துணி போனது, காசு கொஞ்சமாவது வந்தது. இன்று ரேயான்மேல் அச்சடிக்கிற கட்டத்தில் அந்தக் கொஞ்சமும் இல்லை.

பெயர் போட்டால் போதுமா

2018-இல் ஜாரா என்ற பன்னாட்டு ஆடை நிறுவனம் அப்படியே கைலி மாதிரி இருந்த ஒரு பாவாடையைச் சுமார் 70 பவுண்டுக்கு விற்றது. விவரத்தில் லுங்கி என்ற பேச்சே இல்லை. இணையத்தில் எல்லோரும் சிரித்தார்கள், திட்டினார்கள், மறந்தார்கள். 2025 ஜூனில் பிராடா என்ற இத்தாலிய ஆடம்பர நிறுவனம், மிலன் ஃபேஷன் மேடையில் கோலாப்பூர்ச் செருப்பை வெறும் தோல் செருப்பு என்று காட்டி, எதிர்ப்பு வந்த பிறகு அதன் இந்திய மூலத்தை ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு முறையும் நம் பக்கத்துக் கோரிக்கை, பெயரைப் போடு என்பதாகவே இருக்கிறது. பெயர் போடுவது முக்கியம்தான். ஆனால் நான் பார்த்த சட்டையில் மெட்ராஸ் என்று பெயர் போட்டிருந்ததே! நெசவு, மரபு, கைவினை எல்லா வார்த்தையும் அந்தச் சின்ன அட்டையில் இருந்தன. பெயர் அட்டையில் ஏறிவிட்டது, ஆர்டர் தறிக்குப் போகவில்லை. இதனால் எனக்கு உந்துதல், தாக்கம், மரபின் தொடர்ச்சி போன்ற சொற்களில் நம்பிக்கை குறைந்துவிட்டது. நெசவாளியிடமிருந்து எடுப்பதென்றால் துணியாக எடுங்கள். துணியைப் படம்பிடித்து வேறு எதன்மேலோ ஒட்டிவிட்டு மரபைப் போற்றுவதாகச் சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

வெளியாரை மட்டும் சொல்லிப் பயனில்லை. மதுரைச் சுங்குடிக்கு நாமே இதைச் செய்திருக்கிறோம். சௌராஷ்டிரப் பெண்கள் துணியைக் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்த்தால் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. முடிச்சு இருந்த இடத்தில் துணி கொஞ்சம் சுருங்கி மேடாக நிற்கும், தடவினாலே தெரியும். 2005-இல் புவிசார் குறியீடும் வாங்கினோம். இன்று கடையில் சுங்குடி என்று கேட்டால் எடுத்துப் போடுவதில் பெரும்பாலானவை மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும்தான். விலை குறைவு, வாங்குகிறோம். முடிச்சுப் போட்ட சேலையின் விலையைக் கேட்டுவிட்டு, "இதுவும் சுங்குடிதானே, அதுக்கென்ன அவ்வளவு?" என்று பேரம் பேசுகிற நம்மை எந்தப் பன்னாட்டு நிறுவனமும் அப்படிப் பேசச் சொல்லவில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1985-இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கைலியும் கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்களில் ஒன்று. விசைத்தறிக் கைலி எந்த ஊர்ச் சந்தையில் கிடைக்கவில்லை என்று நீங்களே சொல்லுங்கள். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. அந்த ரிசார்ட் கடைச் சட்டை ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் வருகிறது அது. இந்த எண்ணைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு பாவுக்கு ஆள் சேர்ப்பது

ஆகவே கைலித் துணியில் உண்மையான ரிசார்ட் வேர் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. நன்றாகத் தைத்த சட்டை, தளர்வான கவுன், பெண்களுக்குப் பையோடு கூடிய அரைப் பாவாடை. நாலாயிரம் ரூபாய் விலை வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, தறிக்குப் போக வேண்டியது போனால். இதைச் சும்மா சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்று குறிஞ்சிப்பாடிக்குப் போய்க் கைலி வாங்கி வந்து, எங்கள் தெரு டெய்லரிடம் அப்பாவுக்கு ஓர் அரைக்கைச் சட்டை தைக்கக் கொடுத்தேன். இரண்டு மீட்டர்த் துணி. அவர் விரித்துப் பார்த்துவிட்டு, "மேடம், கட்டம் மேட்ச் பண்ணணும்னா துணி பத்தாது" என்றார். பட்டன் பட்டியில் இடது பக்கக் கோடும் வலது பக்கக் கோடும் ஒரே நேரில் சேர வேண்டும். பாக்கெட் ஒட்டிய இடமே தெரியக் கூடாது. அதற்கு அரை மீட்டர் வீணாகும். அது மட்டுமில்லை, கைத்தறியில் ஒரு கட்டம் ஒரு நூல் கூடியும் அடுத்தது ஒரு நூல் குறைந்தும் இருப்பதால் மேலே சேர்த்தால் கீழே விலகும். அவர் பொறுமையாகக் கையால் ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்து வைத்துக்கொண்டுதான் மெஷினில் ஓட்டினார். பாக்கெட்டைக் குறுக்காகத் திருப்பி வெட்டி, கட்டம் சேரவேண்டிய பிரச்சினையையே தீர்த்துவிட்டார். நல்ல கைக்காரர். முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கியது, அதற்கும் முன்கூட்டியே இடம் விட்டிருந்தார்.

அப்பா அதைப் போட்டுக்கொண்டு கல்யாணம் காட்சிக்கெல்லாம் போகிறார். பார்த்தவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள். அந்தத் தைரியத்தில், சட்டைக்கென்றே மூன்று மீட்டர் தனியாக, எனக்குப் பிடித்த நிறத்தில் நெய்து தர முடியுமா என்று பெரியப்பா வீட்டுக்குப் பக்கத்தில் இன்னும் தறி ஓட்டுகிற அக்காவிடம் போனில் கேட்டேன். அவர் சிரித்தார். "மூணு மீட்டருக்கு யாரும்மா பாவு போடுவா? நூல் சாயத்துக்குப் போயி வரணும், பாவு ஓடணும், இழை இழையாப் பிணைக்கணும். பாவு ஒண்ணு ஏத்தினா அது முடியிறவரைக்கும் ஒரே ரகந்தான். மீதிய யாரு எடுப்பா?"

நகரத்தில் உட்கார்ந்து வடிவமைப்பவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் நழுவி அச்சுக்குப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். திரையில் கட்டத்தை வரைந்து அனுப்பினால் மறுநாளே சாம்பிள் வந்துவிடும். தறியில் முழுப் பாவுக்கும் பொறுப்பேற்க வேண்டும், முன்பணம் கொடுக்க வேண்டும், மழை நாளில் பாவு காயாது என்பதைப் புரிந்துகொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு ரிசார்ட் நினைத்தால் இதைச் சுலபமாகச் செய்யலாம். கடைக்குச் சட்டை, அறையில் விருந்தினருக்கு ஆளுக்கொரு கைலி, பணியாளர்களுக்குச் சீருடை என்றால் ஒரு தெருவுக்கே மாதக்கணக்கில் வேலை. சாப்பாட்டுக் கூடத்து விதியையும் அதோடு மாற்றிவிடலாம். இதையெல்லாம் எழுதி அந்த ரிசார்ட்டுக்கு அனுப்பினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது.

சரி, அவர்கள் எடுக்காவிட்டால் நாம் எடுப்போம் என்று தோழிகளிடமும் அலுவலகத்திலும் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டரை மீட்டர், பணம் முன்னால். பாதிப் பாவுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. நிறத்தில்தான் இழுபறி: அலுவலகக்காரர்கள் நீலமும் வெள்ளையும் போதும் என்கிறார்கள், எனக்கு நடுவில் ஒரு சிவப்பு இழையாவது ஓட வேண்டும். அக்காவிடம் கேட்டால், "எதுன்னாலும் சீக்கிரம் சொல்லு, ஐப்பசி மழைக்கு முன்னாடி பாவ ஓட்டிடணும்" என்கிறார். மீதிப் பாதிக்கு விருப்பம் உள்ளவர்கள் எழுதுங்கள்.